கேள்வி நேரம்: கட்டுரையாளர் எந்தக் கட்சி?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதில் டெல்டாவுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையை வாரம் தவறாமல் நாலைந்து பேர் படித்துப் பேசுகிறோம். எழுதுகிறவர் ஒரே ஆள்தான். ஒருத்தர் அவரை திமுக என்கிறார், இன்னொருத்தர் அதிமுக என்கிறார், மூன்றாவது ஆள் ரெண்டும் இல்லை, பாஜகவுக்கு வேலை பார்க்கிறார் என்று சத்தியம் செய்கிறார். எழுத்தை மட்டும் வைத்து ஒருவருடைய சாய்வைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருத்துறைப்பூண்டி

பதில்: முடியும் ஐயா. ஆனால் ஒரு கட்டுரையை வைத்து முடியாது, அதுவும் சூடாக டீ குடித்துக்கொண்டே முடியாது. உங்கள் கடையில் நடப்பது என்னவென்றால், ஆளாளுக்குத் தன்னைக் குத்திய வரி மட்டும் மனதில் தங்குகிறது. திமுககாரருக்குத் திமுகவைக் குத்திய வரி, அதனால் எழுதியவர் அதிமுக ஆகிவிடுகிறார். அதிமுககாரருக்கு அதே கணக்கு தலைகீழாக. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1982ல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரே செய்திதான். இரண்டு தரப்புமே 'இது நமக்கு எதிராகத் தயாரித்தது' என்று சொன்னது. அந்த ஆய்வு 1985ல் வெளியானது, அதற்குப் பிறகு இந்தப் பழக்கத்துக்கு ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, பிடிப்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. யார் ஆண்டாலும் வருஷம் தவறாமல் வந்து நிற்கும் ஒரே விஷயம் நம்மிடம் இருக்கிறது: மேட்டூர் திறப்பு. குறுவைக்கு ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது மரபு. 2012லிருந்து 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதி தவறியது, அத்தனையும் அதிமுக ஆட்சி. 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2 என்று குறுவையையே மறந்துவிட வேண்டிய நிலை. 2020ல் எடப்பாடி பழனிசாமி ஜூன் 12 அன்றே திறந்தார். 2022ல் ஸ்டாலின் மே 24லேயே திறந்துவிட்டார். 2024ல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூன் 12 தவறியது, ஜூலை கடைசியில் கர்நாடகத்தில் மழை கொட்டி உபரி நீர் வந்த பிறகு 28ஆம் தேதிதான் திறந்தார்கள்.

இப்போது உங்கள் கட்டுரையாளர் 2017ல் எழுதியதையும் 2024ல் எழுதியதையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே தாமதம்தான், இரண்டுக்கும் மழையும் கர்நாடகமும் காரணம்தான். ஒன்றில் 'கர்நாடகம் வஞ்சித்தது' என்றும் இன்னொன்றில் 'அரசு கையாலாகாமல் நின்றது' என்றும் எழுதியிருந்தால், அவர் எந்த வருஷத்தில் எதைச் சொன்னார் என்று பார்த்தாலே வேலை முடிந்தது. 2020க்கும் 2022க்கும் இதே சோதனையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு வருஷம் தாமதமில்லாமல் திறந்தது வருண பகவான் புண்ணியம், இன்னொரு வருஷம் தாமதமில்லாமல் திறந்தது முதல்வரின் தொலைநோக்கு என்று இருக்கிறதா? எல்லா வருஷமும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அவர் நடுநிலையாளர், அல்லது போன வருஷக் கட்டுரையில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிற சோம்பேறி. இந்த இரண்டாவது ரகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். தனக்குப் பிடித்தவர் தவறும்போது கட்டுரையாளருக்குச் சூழ்நிலை கண்ணில் படும். பிடிக்காதவர் அதே தவறைச் செய்தால் உள்நோக்கம் கண்ணில் படும். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்பது அப்புறம்.

இன்னொரு சோதனைக் களமும் சொல்கிறேன், நெல் கொள்முதல். அறுவடை முடிந்து மழை பிடித்தால் டெல்டா முழுக்க என்ன காட்சி என்று உங்களுக்குத் தெரியும். டிபிசி என்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் ரோட்டோரத்திலும் நெல் குவியல், மேலே தார்ப்பாய், அடியில் ஈரம் ஏறி முளை விட்ட நெல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வரும், பையில் நெல்லை அள்ளிக்கொண்டு போகும். இது ஒரு பாதி. இன்னொரு பாதி, நிலையத்தை நடத்துகிற நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் சாக்கு இல்லை, லாரி வரவில்லை, ஏற்கெனவே எடுத்த மூட்டையை ஏற்றி அனுப்பாததால் புது நெல்லை எடுக்க இடமில்லை, மூட்டைக்கு இவ்வளவு என்று தனி வசூல். இரண்டு பாதியும் நிஜம். ஒரு கட்டுரையாளர் முதல் பாதிக்கு நாலு பத்தியும் இரண்டாவது பாதிக்கு அரை வரியும் கொடுத்தால் அவர் சென்னைக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிறார். கணக்கு தலைகீழாக இருந்தால் டெல்லிக்கு. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது, அதனால்தான் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: 'ஒன்றிய அரசு' என்று எழுதினால் திமுக, 'மத்திய அரசு' என்று எழுதினால் பாஜக, இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: 2021ல் ஆட்சி மாறிய கையோடு 'ஒன்றிய அரசு' அரசாங்கக் காகிதங்களில் ஏறியபோது உங்கள் வீட்டுக்காரர் சொல்வது கொஞ்ச காலம் செல்லுபடியானது. இப்போது பாதிதான் செல்லும். பல பத்திரிகைகளில் இது எழுதுகிறவர் கையில் இல்லை அம்மா. எந்தச் சொல் போட வேண்டும் என்று ஆசிரியர் குழு ஒரு முறை முடிவு செய்துவிடும், உதவி ஆசிரியர் எல்லாக் கட்டுரையிலும் அதையே போட்டுவிடுவார். தலைப்பும் அப்படித்தான். 'கபட நாடகம்' என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு இருக்கும், உள்ளே கட்டுரையாளர் பாவம் சாதுவாக எழுதியிருப்பார். தலைப்பை வைத்து எழுதியவரைத் திட்டி வரும் கடிதங்களுக்குக் கணக்கே கிடையாது. தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அப்புறம் கட்டுரைக்கு அடியில் சின்ன எழுத்தில் 'கட்டுரையாளர், முன்னாள் துணைவேந்தர்' என்றோ 'கட்சியின் செய்தித் தொடர்பாளர்' என்றோ இருக்கிறதே, அதை முதலில் படியுங்கள். பாதிப் பேர் அதைக் கடைசியில்கூடப் படிப்பதில்லை.

கேள்வி: சார், போட்டித் தேர்வுக்காகக் காவிரி பற்றி இரண்டு கட்டுரை படித்தேன். இரண்டிலும் தேதி, டிஎம்சி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒன்றைப் படித்தால் திமுகதான் துரோகி, இன்னொன்றைப் படித்தால் திமுகதான் காப்பாற்றியது. உண்மைகள் ஒன்றாக இருக்கும்போது முடிவு எப்படி வேறாகிறது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, கதையை எந்த வருஷத்தில் ஆரம்பித்தார் என்று பாருங்கள். காவிரி விஷயத்தில் ஆரம்பிக்கிற வருஷமே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

மெட்ராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தம் 1924. அதில் ஐம்பது வருஷம் கழித்து மறுபரிசீலனை என்று ஒரு ஏற்பாடு, அதாவது 1974. தமிழ்நாடு 1971ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1972ல் திரும்பப் பெற்றது, அப்போது முதல்வர் கருணாநிதி. 1990ல் வி.பி. சிங் ஆட்சியில் நடுவர் மன்றம் அமைந்தது, அப்போதும் இங்கே முதல்வர் கருணாநிதி. 1991 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு, வருஷத்துக்கு 205 டிஎம்சி. 1993ல் மெரினாவில் ஜெயலலிதா உண்ணாவிரதம். 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு, 2013ல் அது அரசிதழில் வந்தது, அதற்காகத் தஞ்சாவூரில் ஜெயலலிதாவுக்கு விழா எடுத்து 'பொன்னியின் செல்வி' என்று பட்டமும் கொடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தர வேண்டிய அளவை 192லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது, அதே வருஷம் மேலாண்மை ஆணையம் வந்தது.

இப்போது பாருங்கள். 1972, 1974 என்று ஆரம்பித்து, 1990ஐ ஒரே வரியில் தாண்டி, 1993ல் நின்று நிதானமாகப் பேசி, 2013ல் முடித்தால் அது ஒரு காவிரி. 1990ல் ஆரம்பித்து 2007 வழியாக வந்து, 2018ல் டிஎம்சி குறைந்தபோது ஆட்சியில் இருந்தது யார் என்று கேட்டு முடித்தால் அது வேறு காவிரி. தண்ணீர் ஒன்றுதான், எங்கே மதகு போட்டுத் திருப்பினார்கள் என்பதில்தான் எல்லாம். 1924 ஒப்பந்தம் 1974ல் காலாவதியானது என்று போகிற போக்கில் எழுதுகிறவர்களிடமும் கொஞ்சம் உஷாராக இருங்கள். முழுக்கக் காலாவதியா, சில பிரிவுகளை மட்டும் திரும்பப் பார்க்கலாமா என்பதே இரண்டு மாநிலங்களும் வருஷக்கணக்கில் வாதாடிய விஷயம். அதை முடிந்துபோன உண்மை மாதிரி எழுதுகிறவர் இங்கே ஒரு கட்சியைத் திட்டுகிற அவசரத்தில் கர்நாடகத்தின் வாதத்தை இலவசமாக ஒப்புக்கொண்டு போகிறார்.

அபூர்வமாக ஒரு சிலர் 1983ல் ஆரம்பிப்பார்கள். டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்ட வருஷம் அது. அந்த மனுவில்தான் நடுவர் மன்றத்தை அமைக்கச் சொல்லி 1990ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இரண்டு கழகத்துக்கும் பங்கு கொடுக்காத வருஷம் என்பதாலோ என்னவோ மேடைகளில் இது அவ்வளவாகக் கேட்பதில்லை. அங்கே ஆரம்பிக்கிறவர் நம் ஊர்க்காரராக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது ஆவணங்களைப் புரட்டிவிட்டு எழுதுகிறவர்.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் கட்டுரைகளுக்கும் இதே சோதனைதான். மீத்தேன் ஒப்பந்தம் 2011 தொடக்கத்தில், திமுக ஆட்சியில் ஆனது. வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில், அதிமுக ஆட்சியில். நடுவில் 2017ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள். எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்று நீங்களே பேனாவை வைத்துக் குறித்துப் பாருங்கள். தேர்வுக்கும் உதவும்.

கேள்வி: கட்சியெல்லாம் எங்களுக்கு ரெண்டாம்பட்சம். எழுதுகிறவர் எங்க பக்கமா, நிலம் வச்சிருக்கிறவங்க பக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– விவசாயத் தொழிலாளி, கீழ்வேளூர் வட்டம்

பதில்: இந்த மூட்டையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது. கட்சிச் சாய்வு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இது லேசில் மாறாது.

'விவசாயி' என்று எழுதும்போது யாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறார் என்று பாருங்கள். போர் செட்டும் இருபது ஏக்கரும் வைத்திருப்பவரும் விவசாயிதான், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவரும் விவசாயிதான், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற உங்கள் வீட்டுப் பெண்கள் பேச்சில் மட்டும் விவசாயி, கட்டுரையில் வரும்போது 'ஆள்' ஆகிவிடுவார்கள். 'ஆள் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி டெல்டா பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும், பின்னாலேயே 'நூறு நாள் வேலை வந்து கெடுத்துவிட்டது' என்பதும் வரும். அந்தச் சட்டம் 2005ல் வந்தது, 2006ல் முதல் கட்டமாக எடுத்த மாவட்டங்களில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. ஆள் கிடைக்கவில்லை என்பது பொய் இல்லை. நடவு நேரத்தில் ஆளுக்கு அலைகிற சின்ன விவசாயியை எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆளுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கிறது, இயந்திரம் வந்து அறுவடைக் கூலி எங்கே போனது என்ற அடுத்த கேள்வியை அதே கட்டுரை கேட்கிறதா? கேட்டால் ஒரு ரகம், கேட்காவிட்டால் இன்னொரு ரகம். எந்தக் கட்சியை ஆதரிக்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். மேடையில் சமூகநீதி பேசிவிட்டுக் கூலி என்று வரும்போது மிராசுதார் பாஷையில் எழுதுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு.

உங்கள் வட்டத்துக் கீழவெண்மணியைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும். 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதை 'கூலித் தகராறு' என்று எழுதலாம், 'இரு தரப்பு மோதல்' என்று எழுதலாம், 'படுகொலை' என்றும் எழுதலாம். மோதல் என்று எழுதினால் குடிசைக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே கிடந்தவர்களையும் சமமாக்கிவிடலாம். அப்புறம் பாருங்கள், வழக்கு என்ன ஆனது என்பது வரை எழுதுகிறாரா? நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற பொருளில் சொல்லி உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. ஆட்சியில் இருந்தது திமுக, அண்ணா முதல்வர் என்பதைச் சிலர் கொட்டை எழுத்தில் போடுவார்கள், சிலர் அந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போவார்கள். அதுவும் ஒரு தடயம்தான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அதில் இல்லை, செத்தவர்களுக்கு எத்தனை வரி கொடுத்தார் என்பதில் இருக்கிறது.

கேள்வி: முதலாளி சொல்வதைத்தானே எழுதுகிறார்கள்? எழுதுகிறவரை ஆராய்ந்து என்ன பிரயோஜனம்?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: கட்சிப் பத்திரிகை என்றால் நீங்கள் சொல்வது அப்படியே சரி, அங்கே ஆராய்ச்சியே வேண்டாம். திருவாரூரில் 1942ல் ஒரு மாணவர் துண்டறிக்கையாகப் போட ஆரம்பித்த முரசொலியில் அதிமுகவுக்குப் பாராட்டுரை வராது. தீக்கதிர் எந்தக் கட்சியுடையது என்று யாரும் கிளி ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. தினகரன் 2005லிருந்து சன் குழுமத்தின் கையில் இருப்பதும் ஊரறிந்தது.

ஆனால் முதலாளி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம். மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷபீரோ என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நாளிதழ்களை வைத்து 2010ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே வரியை ஒரு கட்சிக்காரர்கள் 'எஸ்டேட் வரி' என்பார்கள், மற்றக் கட்சிக்காரர்கள் 'மரண வரி' என்பார்கள். இப்படிக் கட்சிக்குக் கட்சி மாறும் சொற்றொடர்களை நாடாளுமன்றப் பேச்சுகளிலிருந்து எடுத்து, எந்தப் பத்திரிகை எதை அதிகம் பயன்படுத்துகிறது என்று எண்ணினார்கள். முதலாளியின் சாய்வைவிட, அந்தப் பத்திரிகை விற்கும் ஊர் வாசகர்களின் சாய்வுதான் பத்திரிகையின் சாய்வோடு அதிகம் ஒத்துப்போனது.

நமக்கு இதில் ஒரு கசப்பு மருந்து இருக்கிறது. காவிரியில் கர்நாடகம் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கலாம் என்று தமிழ்ப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? திமுக சாய்வு, அதிமுக சாய்வு, பாஜக சாய்வு, கம்யூனிஸ்ட் சாய்வு என்று நாலு பேரைக் கண்டுபிடித்து அடுக்கலாம், நாலு பேரும் கர்நாடகத் தண்ணீரை அளக்கும் எல்லையான பிலிகுண்டுலுவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பார்கள். மாண்டியாவில் டீக்கடையில் உட்கார்ந்து கன்னடப் பேப்பர் படிப்பவர் அங்கேயும் இதே போல் நாலு சாய்வைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார், நாலு பேரும் அந்தப் பக்கம். வாசகர்கள் எல்லோரும் ஏற்கும் சாய்வு யார் கண்ணுக்கும் சாய்வாகத் தெரிவதில்லை. இதைச் சொன்னதற்காக எனக்கு எத்தனை கடிதம் வரப்போகிறதோ.

கேள்வி: எழுதுகிறவர் பெயரையும் சாதியையும் பார்த்தாலே தெரிந்துவிடாதா?
– வியாபாரி, மயிலாடுதுறை

பதில்: தெரிந்துவிட்டது என்ற திருப்தி கிடைக்கும், அவ்வளவுதான். பெயரைப் பார்த்தே முடிவு செய்கிறவர் கட்டுரையைப் படிக்க வேண்டிய சிரமமே இல்லையே. திருவையாற்றுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர் பெயரை வைத்து நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்? 1882ல் சுதேசமித்திரன் ஆரம்பித்த அந்த மனிதர், விதவையான தன் மகளுக்கு 1889ல் மறுமணம் செய்துவைத்து, தன் சாதிக்காரர்களிடம் சுகமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மிதவாதியாக ஆரம்பித்து 1908ல் ராஜதுரோக வழக்கில் கைதாகிற அளவுக்குப் போனார். எந்த வருஷத்து சுப்பிரமணிய ஐயர் என்று கேட்காமல் அவருக்கு முத்திரை குத்த முடியாது.

சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 பொங்கலுக்கு துக்ளக் ஆரம்பித்ததிலிருந்து திமுக எதிர்ப்பு என்றுதான் பெயர். 1996ல் திமுகவும் மூப்பனாரின் தமாகாவும் கூட்டணி சேர வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். பெயரை வைத்தோ பழைய முத்திரையை வைத்தோ 1996ஐக் கணித்திருக்க முடியுமா?

உங்கள் ஊர் பக்கத்து புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி விஷயத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ராஜாஜி பக்கம் என்று அவரே பறைசாற்றிவிட்டார். அந்தப் பழக்கம் இப்போது குறைந்துபோனதுதான் நம் தலைவலி.

கேள்வி: 'வரிகளுக்கு இடையில் படிக்க வேண்டும்' என்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கும்?
– நூலகர், திருவாரூர்

பதில்: பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வெறும் காகிதம்தான். ஆனால் தணிக்கை இருக்கும்போது இருக்கும். நெருக்கடி நிலையின்போது 1976 ஜனவரி 31ல் கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கைதானார்கள். கைதானவர்கள் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது. மூன்றே நாளில் அண்ணா நினைவு நாள். 'அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள்' என்று முரசொலியில் ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலிச் செய்தி. தொண்டனுக்கு யார் யார் உள்ளே என்ற தகவல்.

இன்றைக்குக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை. அவர் எழுதாத வாரத்தைக் கவனியுங்கள், அது போதும். ஊரே ஒரு ஊழலைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் திடீரென்று வெளிநாட்டுப் பொருளாதாரம் பற்றியோ வெயில் காலத்தில் மோர் குடிப்பது பற்றியோ எழுதினால், அந்த ஊழல் யாருடையது என்று பாருங்கள். ஒரு தடவை என்றால் தற்செயல். நாலு தடவையும் ஒரே கட்சிக்கு மோர் ஊற்றினால் அப்புறம் என்ன சந்தேகம்?

கேள்வி: என் பேரன் கைபேசியில் ஏதோ செயற்கை நுண்ணறிவில் ஒரு கட்டுரையைப் போட்டுக் கேட்டான். 'இக்கட்டுரை நடுநிலையானது' என்று சொல்லிவிட்டது. நம்பலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஒரு கட்டுரையைக் கொடுத்தால் அதற்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரியாது. மரியாதையாக எழுதுகிற ஆள் என்றால் நடுநிலை மாதிரித்தான் இருக்கும். மரியாதைக்கும் நடுநிலைக்கும் சம்பந்தமில்லை. பேரனை அதே ஆள் ஐந்தாறு வருஷத்தில் எழுதியவற்றைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், ஆட்சி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும்படியாக. ஒரே மாதிரி நிகழ்ச்சி பற்றியவை வேண்டும். அதைப் போட்டுக் கேட்டால் ஏதாவது உருப்படியாக வரலாம். அவ்வளவு தேடி எடுத்த பிறகு கேட்க வேண்டிய அவசியமே இருக்காது என்பது வேறு விஷயம்.

கேள்வி: சாய்வு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அவரைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா? கடைசியாக, கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம்?
– அரசு ஊழியர், நாகப்பட்டினம்

பதில்: கட்டாயம் படியுங்கள். சாய்வு தெரிந்த ஆளைப் படிப்பதுதான் சுலபம், எந்த வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரியுமே. அவர் எதிர்க்கட்சியைத் திட்டும் இடத்தை வேகமாகத் தாண்டுங்கள், தன் பக்கத்தை வேண்டாவெறுப்பாகக் குறை சொல்லும் ஒற்றை வரி வரும்போது நின்று படியுங்கள். மூன்று வேளாண் சட்டங்களை 2020ல் அதிமுக நாடாளுமன்றத்தில் ஆதரித்தது. அதிமுக சாய்வுள்ள டெல்டாக்காரர் ஒருவர் 'இதில் நம் கட்சி விவசாயியிடம் கேட்டிருக்கலாம்' என்று எழுதியிருந்தால், அதே சட்டத்தைப் பற்றித் திமுககாரர் எழுதிய பத்துக் கட்டுரையைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். அதை எழுத அவருக்கு எந்த லாபமும் இல்லை. கூடவே, உங்களுக்கு ஒத்துவராத சாய்வுள்ள ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற விஷயம் எது என்று பாருங்கள், அதை ஓரளவு நம்பலாம்.

என் ஓட்டு யாருக்கு என்று என் வீட்டுக்காரிக்கே சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தலைஞாயிறு பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, சுத்தமான கடைமடை. கல்லணை திறந்து தண்ணீர் அங்கே எட்டிப் பார்ப்பதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். முறைப்பாசனம் பற்றியோ தூர்வாருவது பற்றியோ, தலைமடைக்காரர்கள் தண்ணீரை அடைத்துக்கொள்வது பற்றியோ நான் எழுதினால் திருவையாறு, பூதலூர் பக்கத்து வாசகர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கவும்.